தீராத அரிப்பு! குற்றவாளி யார்?

பொழுது இன்னும் புலரவில்லை. போடிநாயக்கனூர் தெருக்களில் ஜீப்புகள் உறுமுகின்றன. தூக்குச்சட்டியும் கையுமாகப் பெண்கள் ஏறுகிறார்கள். முந்தலைத் தாண்டியதும் மலைப்பாதை தொடங்குகிறது. வளைந்து வளைந்து ஏறினால் போடிமெட்டு. அதற்கு அப்பால் கேரளம். சரிவெல்லாம் ஏலத்தோட்டம்!

ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேல் வளரும். ஆனால் காய் காய்ப்பதோ அடியில், தரையை ஒட்டி. குனிந்தும் உட்கார்ந்தும்தான் காய் எடுக்க வேண்டும். இலைகள் உடம்பில் உரசும். மழையிலும் சாரலிலும் சேலை நனையும். நனைந்த சேலையோடுதான் மாலை வரை வேலை.

அந்த ஜீப்பில் ஓர் அம்மாள் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதமாக அவருக்கு அரிப்பு. தோலில் சிறு சிறு தடிப்பு. வேப்பிலை அரைத்துப் பூசினார். கடையில் களிம்பு வாங்கித் தடவினார். மூன்று நாள் அடங்கியது. நான்காம் நாள் மறுபடி வந்துவிட்டது!

"மலைத் தண்ணீர் உனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்கிறார் மாமியார்.

"தோட்டத்தில் மருந்து அடிக்கிறார்களே, அதுதான்" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.

"ஏலக்காயே சிலருக்கு ஆகாது. வேலையை விட்டுவிடு" என்கிறார் இன்னொருவர்.

வேலையை விட்டால் கூலி போய்விடும். விடாவிட்டால் தூக்கம் போகிறது. யார் சொல்வது சரி?

நான்கு கேள்விகள்

அரிப்பு என்பது நோயின் பெயர் அல்ல. அது ஒரு புகார், அவ்வளவுதான். புகார் வந்தால் போலீசார் என்ன செய்வார்கள்? எங்கே நடந்தது, எப்போது நடந்தது, உடன் இருந்தவர் யார் என்று விசாரிப்பார்கள். நல்ல தோல் டாக்டரும் அப்படித்தான் விசாரிப்பார்.

முதல் கேள்வி: எங்கே அரிக்கிறது?

இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவுக்கு வந்த அமெரிக்கச் சிப்பாய்கள் பலருக்குக் கழுத்தின் பின்புறம் அரிப்பும் கொப்புளமும் உண்டாயின. டாக்டர்கள் இடத்தைக் கவனித்தார்கள். சட்டைக் கழுத்துப்பட்டை படுகிற இடம்! சட்டையைத் திருப்பிப் பார்த்தார்கள். உள்ளே கறுப்பாக ஒரு சலவைக் குறி. யாருடைய துணி என்று தெரிவதற்காகச் சேராங்கொட்டைப் பாலால் போட்ட குறி அது. அந்தப் பால் பட்டால் தோல் வெந்துவிடும் என்பது நம் கிராமங்களில் தெரிந்த சங்கதிதானே! 1943ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் இந்தச் செய்தி வெளிவந்தது.

இடமே ஆளைக் காட்டிக்கொடுக்கும். நெற்றியில் பொட்டு வைக்கும் இடத்தில் மட்டும் அரித்தால், ஒட்டுப்பொட்டின் பசையைச் சந்தேகிக்க வேண்டும். மணிக்கட்டில் மட்டும் என்றால் கடிகாரப் பட்டையைப் பார்க்க வேண்டும்.

இரண்டாம் கேள்வி: எப்போது அரிக்கிறது?

தோட்டத்துக்குப் போன நாட்களில் முழங்கையிலும் கழுத்திலும் தடிக்கிறது; நாலு நாள் வீட்டில் இருந்தால் தணிகிறது. அப்படியானால் பூச்சி மருந்தின்மேல் சந்தேகம் விழுவது நியாயமே. ஏலத்தில் இலைப்பேனுக்கும் துளைப்பானுக்கும் மருந்து அடிப்பது வழக்கம். மருந்து அடித்த ஈரம் காயும் முன்னே செடிக்குள் நுழையக் கூடாது. நீளக் கை வைத்த சட்டை நல்லது. வீடு திரும்பியதும் சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும். தோட்டத்து உடுப்பைத் தனியே துவைக்க வேண்டும். என்ன மருந்து அடித்தார்கள் என்று கேட்டு டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

சரி, ஏலக்காயே குற்றவாளி ஆகுமா? ஆகலாம், ஆனால் அது அபூர்வம்! சுவீடன் நாட்டில் ரொட்டியிலும் கேக்கிலும் ஏலக்காய் சேர்ப்பார்கள். அங்குள்ள மோபாக்கன், பிரெகெர்ட் என்ற இரு டாக்டர்கள் 1975ல் ஒரு செய்தி எழுதினார்கள். இனிப்புப் பண்டம் செய்யும் ஒருவருக்குக் கையில் ஆறாத கரப்பான். சோதித்துப் பார்த்தபோது ஏலக்காய் அவருக்கு ஆகவில்லை என்று தெரிந்தது.

அந்தச் சோதனை எளிது. சந்தேகப்படும் பொருளில் துளியளவு எடுத்து முதுகில் ஒட்டுவார்கள். 2 நாள் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள். அடுத்த ஓரிரு நாளில் மறுபடி பார்ப்பார்கள். ஆகாத பொருள் ஒட்டிய இடம் மட்டும் சிவந்து தடித்திருக்கும். 1895ல் யாதசோன் என்ற ஜெர்மன் டாக்டர் காட்டிய வழி இது. இன்றும் இதுவே வழக்கத்தில் இருக்கிறது.

மூன்றாம் கேள்வி: வீட்டில் வேறு யாருக்கு அரிக்கிறது?

இதுதான் முக்கியமான கேள்வி. மருந்து அடித்த செடியைத் தொட்டவருக்குத்தான் அதனால் அரிக்கும். வீட்டில் இருக்கும் கைக்குழந்தைக்கும் அரித்தால்?

நம் அம்மாளைக் கேட்போம். "எங்கே?" "விரல் இடுக்கில், மணிக்கட்டில், இடுப்பில்." "எப்போது?" "இரவில்தான் உயிர் போகிறது!" "வேறு யாருக்கு?" "பிள்ளைகள் இரண்டு பேருக்கும் இருக்கிறது."

குற்றவாளி அகப்பட்டான்! மலைத் தண்ணீர் அல்ல, மருந்தும் அல்ல, ஏலக்காயும் அல்ல. அது சொறிப்பூச்சி!

ஊசி முனையில் பிடிபட்டவன்

அதன் நீளம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. பெண் பூச்சி தோலைக் குடைந்து உள்ளே முட்டை இடும். முதல் முறை தொற்றும்போது 2 முதல் 6 வாரம் வரை அரிப்பே தெரியாது. அதற்குள் பாயில் பக்கத்தில் படுப்பவர்களுக்கும் பரவிவிடும்.

இதைக் கண்டுபிடித்த கதை சுவையானது. இத்தாலியில் ஏழைத் தாய்மார்கள் குழந்தையின் தோலிலிருந்து ஊசியால் எதையோ எடுப்பது உண்டு. பொனோமோ என்ற டாக்டர் அதை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தார். பூச்சி! 1687ல் எழுதி வெளியிட்டார். மற்ற டாக்டர்கள் நம்பவில்லை. ஏறத்தாழ 150 ஆண்டு கழிந்தது. 1834ல் பாரிஸ் நகரில் ரெனூச்சி என்ற மாணவர், தம் ஊரான கார்சிகாவில் பெண்கள் செய்ததைப் போலவே ஊசி முனையில் பூச்சியை எடுத்து எல்லோருக்கும் காட்டினார். அதன் பிறகே மருத்துவ உலகம் ஒப்புக்கொண்டது. படிக்காத தாய்மார் கண்டதைப் படித்தவர்கள் காண இத்தனை காலம்!

இதற்குப் பெர்மெத்ரின் என்ற களிம்பு உண்டு. டாக்டர் சொல்கிறபடி இரவில் கழுத்து முதல் உள்ளங்கால் வரை தடவி, காலையில் குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடி தடவ வேண்டும். அரிக்காதவர் உட்பட வீட்டார் அனைவரும் ஒரே இரவில் தடவ வேண்டும். இல்லாவிட்டால் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு அது சுற்றிக்கொண்டே இருக்கும். துணி, போர்வைகளை வெந்நீரில் துவைத்து வெயிலில் போட வேண்டும். துவைக்க முடியாததைப் பையில் கட்டிக் குறைந்தது 3 நாள் வைக்க வேண்டும். பூச்சி செத்த பிறகும் சில வாரம் அரிப்பு இருக்கலாம். பயப்படத் தேவையில்லை.

கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் டாக்டரைக் கேட்காமல் எதையும் தடவக் கூடாது. சொறிந்த புண்ணில் சீழ் வைத்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அந்தக் கிருமியால் சிறுநீரகம்கூடக் கெட்டுப்போவது உண்டு.

நான்காம் கேள்வி: இதுவரை என்ன தடவினீர்கள்?

கடைக் களிம்பு சிலவற்றில் ஸ்டீராய்டு என்ற சரக்கு இருக்கிறது. தடவினால் சிவப்பும் அரிப்பும் அடங்கும். நோயோ உள்ளே வளரும்! ஈரச் சேலையால் இடுப்பிலும் தொடையிலும் வரும் படர்தாமரை இதற்கு நல்ல உதாரணம். அது வட்டமாகப் படரும் பூஞ்சைக் காளான் நோய். ஸ்டீராய்டு தடவினால் வட்டம் கலைந்து உருமாறிவிடும். பிறகு டாக்டருக்கே அடையாளம் தெரிவது கஷ்டம். அதனால்தான் 14 வகை ஸ்டீராய்டுக் களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018ல் மத்திய அரசு உத்தரவு போட்டது.

அந்த அம்மாள் வேலையை விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கூலி போயிருக்கும், அரிப்பு மட்டும் வீட்டிலேயே தங்கியிருக்கும்!

இரண்டு வாரத்துக்கு மேல் அரிப்பு தீரவில்லையா? போடி அரசு ஆஸ்பத்திரியோ, தேனி க. விலக்கில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, அருகில் உள்ள இடத்துக்குப் போங்கள். போகும் முன் இந்த நான்கு கேள்விக்கும் விடையை ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இதுவரை தடவிய களிம்புக் குழாயையும் மறக்காமல் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.