மலைவீட்டுத் திண்ணைக்கு எந்தப் பலகை?

போடிநாயக்கனூரிலிருந்து கொச்சி செல்லும் சாலையில் ஏறிப் போடிமெட்டை அடைந்தால், இரு பருவமழைகளும் நனைக்கும் ஏலமலைச் சரிவு விரிகின்றது. இத்தகைய இடத்தில் திறந்த திண்ணைக்கு இட்ட மரப்பலகை விரைவில் மக்கிப் போகும். மரத்தில் ஈரம் நூற்றுக்கு 20 பங்கிற்கு மேல் நிலைத்து நின்றால், பூஞ்சணம் அதனை அரிக்கத் தொடங்கும் என்பதே காரணம்.

இன்று மரத்தூளையும் பிளாஸ்டிக்கையும் உருக்கிச் சேர்த்த கலப்புப் பலகை கிடைக்கின்றது. கறையான் எளிதில் அணுகாது. ஆண்டுதோறும் வர்ணம் பூச வேண்டியதில்லை. ஆயினும் அதனுள்ளும் மரத்தூள் இருப்பதை நாம் மறத்தலாகாது. உறையில்லாத பலகை நீரை உறிஞ்சும். ஆகவே நாற்புறமும் பிளாஸ்டிக் உறை போர்த்த பலகையைக் கேட்டு வாங்குவதே நலம்.

பலகையினும் முக்கியமானது அதன் அடித்தளம். மேலே பலகை உறுதியாயிருப்பினும், கீழே தாங்கும் மரச்சட்டம் மக்கினால் திண்ணை சரியும். துத்தநாகம் பூசிய இரும்புச் சட்டங்களை 40 செ.மீ. இடைவெளிக்கு மிகாமல் அமைத்தல் வேண்டும். பலகைகளுக்கிடையே சுமார் 5 மி.மீ. சந்து விட்டால் நீர் வடியும்; வெயிலில் விரியவும் இடம் கிடைக்கும். அடியில் காற்று உலவ வேண்டும்.

எந்தப் பலகையிலும் பாசி படியும். அடிக்கடி தேய்த்துக் கழுவுதல் அவசியம். இவ்வளவு செலவிட இயலாதோர் கவலையுற வேண்டா. சொரசொரப்பான கருங்கல் தளம் மழைக்கு என்றும் ஈடுகொடுக்கும். வீட்டு முதியோரும் குழந்தைகளும் வழுக்காமல் நடப்பதே திண்ணைக்கு அழகு.