ஒரு ஹோட்டல், ஒரு பஸ்... ஒரே ஏணி!

கொடைக்கானல்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ஏரி, தூண் பாறை, ஹோம்மேட் சாக்லெட்! சட்டக் கல்லூரி நண்பர்களைக் கேட்டுப் பாருங்க... ‘ப்ளசன்ட் ஸ்டே ஹோட்டல் கேஸ்’ என்பார்கள்.

அதுக்கு முன்னாடி ஒரு சின்ன விஷயம். ஹாலிவுட் படங்களில் ‘இது ஃபெடரல் கேஸ்’ என்று போலீஸ் பதறுவதைக் கவனிச்சிருக்கீங்களா? அமெரிக்காவில் மாநில நீதிமன்றங்கள் தனி, ஃபெடரல் நீதிமன்றங்கள் தனி. இரண்டு ஏணி. நமக்கு ஒரே ஏணிதான். பார்லிமென்ட் போட்ட சட்டமோ, நம்ம சட்டசபை போட்ட சட்டமோ, வழக்கு ஏறுவது அதே படிகளில்தான். கீழே முன்சீப், மாஜிஸ்திரேட் கோர்ட்டுகள். அடுத்து மாவட்ட, செஷன்ஸ் கோர்ட். அதற்கு மேல் ஐகோர்ட். உச்சியில் சுப்ரீம் கோர்ட். கொடைக்கானல்காரர்களுக்கு மாவட்ட கோர்ட் திண்டுக்கல்லில். 2004 ஜூலையில் மதுரைக் கிளை திறந்த பிறகு ஐகோர்ட்டும் பக்கம்தான்.

இப்ப ஹோட்டலுக்கு வருவோம். மலையில் கட்டட விதிகள் கறாரானவை. அவற்றை மீறிக் கட்டிய மாடிகளுக்கு 1994-ல் தமிழக அரசு விலக்கு தந்தது. கட்டட விதி, மாநில விவகாரம். பழனி மலைப் பாதுகாப்புக் கவுன்சில் நேராக சென்னை ஐகோர்ட்டுக்கே போனது. அரசு உத்தரவை எதிர்த்து ரிட் மனு என்றால் அப்படிப் போகலாம். உத்தரவு ரத்தானது. 1995-ல் சுப்ரீம் கோர்ட்டும் கைவிரித்துவிட, ஹோட்டல் தோற்றது.

அதே மாடிகளுக்காக ஊழல் வழக்கு ஒன்றும் நடந்தது. ஊழல் தடுப்புச் சட்டம் மத்திய அரசுடையது. 2000 பிப்ரவரி 2-ல் சென்னை தனி நீதிமன்றம் முன்னாள் முதல்வர் ஜெயலலிதாவுக்கு ஓராண்டு சிறைத் தண்டனை விதித்தது. 2001 டிசம்பரில் அவரை விடுதலை செய்ததும் அதே சென்னை ஐகோர்ட்தான்!

ஆனால், அந்த பிப்ரவரி 2-ஐ மறக்க முடியாத காரணம் வேறு. தீர்ப்பை எதிர்த்து நடந்த கலவரத்தில், தர்மபுரி அருகே கல்விச் சுற்றுலா வந்த கோவை வேளாண் பல்கலைக்கழக பஸ் கொளுத்தப்பட்டது. மூன்று மாணவிகள் கருகிப் போனார்கள். உங்க வயசுதான்.

கிருஷ்ணகிரியில் நடந்த விசாரணையில் சாட்சிகள் வரிசையாகப் பிறழ்ந்தார்கள். இறந்த மாணவி ஒருவரின் தந்தை ஐகோர்ட் படியேறினார். வழக்கு சேலத்துக்கு மாறி, விசாரணை முதலிலிருந்து தொடங்கியது. 2007-ல் மூவருக்குத் தூக்கு. அதே ஆண்டு ஐகோர்ட்டும், 2010-ல் சுப்ரீம் கோர்ட்டும் உறுதி செய்தன. 2016-ல் மறுசீராய்வில் சுப்ரீம் கோர்ட்டே அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. 2018-ல் தமிழக அரசு அவர்களை முன்கூட்டியே விடுவித்தது.

ஒண்ணு கவனிங்க ஃப்ரெண்ட்ஸ். மேல் கோர்ட்டுகள் பெரும்பாலும் படிப்பது, கீழ்க் கோர்ட்டில் பதிவான சாட்சியத்தைத்தான். கீழே சாட்சி நழுவினால், மேலே இருக்கும் நீதிபதி எதை வைத்து நியாயம் சொல்வார்? நாளைக்கே உங்க கண் முன்னால் ஒரு சம்பவம் நடந்து, கோர்ட் சம்மன் வந்தால், ‘நமக்கெதுக்கு வம்பு’ன்னு ஒதுங்காதீங்க. போய் பார்த்ததைப் பார்த்தபடி சொல்லுங்க!