ஸ்டெம் செல் ஊசிக்குச் சம்மதிக்கும் முன்

மூட்டுவாதம், சர்க்கரை, ஆட்டிசம் என்று எதற்கும் ஒரே ஊசி, பக்கவிளைவே கிடையாது என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

எலும்பு மஜ்ஜை, கொழுப்பு, தொப்புள்கொடி ஆகியவற்றில் உள்ள மெசன்கைமல் ஸ்டெம் செல்களுக்கு எதிர்ப்பணுக்களை அடக்கும் ஆற்றல் உண்மையாகவே உண்டு. அழற்சி மூண்ட இடத்தில் அவை ஐ.டி.ஓ. என்ற நொதியை உண்டாக்கி, டி செல்கள் என்ற எதிர்ப்பணுக்கள் பெருகத் தேவையான டிரிப்டோபான் என்ற அமினோ அமிலத்தைச் சிதைத்துவிடுகின்றன. மஜ்ஜை மாற்றுக்குப் பின் புதிய எதிர்ப்பணுக்களே உடலைத் தாக்கியதால் உயிருக்குப் போராடிய 9 வயதுச் சிறுவனுக்குத் தாயின் செல்களைச் செலுத்திப் பலன் கண்டதாக ஸ்வீடன் மருத்துவர்கள் 2004இல் எழுதினார்கள்.

ஆனால் இந்த அடக்கும் ஆற்றலுக்கு இன்னொரு முகமும் உண்டு. காசநோய்க் கிருமி இதே செல்களைத் தன்னைச் சுற்றி வரவழைத்து, டி செல்களிடமிருந்து தப்பிக்கிறது என்று டெல்லி ஆய்வாளர்கள் 2010இல் எலிகளில் காட்டினார்கள். தாம்பரம் சானடோரியம் நெஞ்சக மருத்துவமனையை அறிந்த நமக்குக் காசநோய் தூரத்துச் செய்தி அல்ல. பழைய காசநோயைப் பற்றிக்கூட விசாரிக்காமல் ஊசி போட வருபவரை எப்படி நம்புவது?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 நெறிமுறைப்படி, ரத்த நோய்களுக்கான ரத்த ஸ்டெம் செல் மாற்று மட்டுமே நிலைபெற்ற சிகிச்சை. கை, கால் ரத்தக் குழாய்கள் அடைபடும் பர்கர் நோய்க்கும் முழங்கால் தேய்மானத்துக்கும் பெங்களூருத் தயாரிப்பு ஒன்றுக்கு மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி பின்னர் கிடைத்தது. அப்படி அனுமதி பெறாதவை ஆராய்ச்சிதான். ஆராய்ச்சி என்றால் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் (சி.டி.ஆர்.ஐ.) பதிவு எண், நெறிமுறைக் குழு ஒப்புதல், உங்களுக்குப் புரியும் தமிழில் சம்மதப் படிவம் மூன்றும் இருக்க வேண்டும். சோதிக்கப்படும் சிகிச்சைக்கு உங்களிடம் பணம் வாங்கக் கூடாது. அதனால் பாதிப்பு நேர்ந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவ ஆய்வுகள் விதிகள் தரும் உரிமை. லட்சக்கணக்கில் கட்டணம் கேட்டுவிட்டு ‘இதுவும் ஆராய்ச்சிதான்’ என்றால், அந்தப் பேச்சை நம்ப வேண்டாம்.

ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால் ரசீது, மருந்தின் பெயர், பேட்ச் எண் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். சிகிச்சை ஆவணங்களை எழுத்தில் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தர மருத்துவர் கடமைப்பட்டவர். மருத்துவர்மீது தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் செய்யலாம். இழப்பீட்டுக்கு நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2 ஆண்டுகளுக்குள் போக வேண்டும், வழக்கறிஞர் கட்டாயமில்லை. சிகிச்சை எந்த ஊரில் நடந்திருந்தாலும், தாம்பரம், பல்லாவரம், குரோம்பேட்டைவாசிகள் தங்கள் செங்கல்பட்டு மாவட்ட ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம்.