ஒட்டும் உறவும்
(உயிரணுக்கள் ஒன்றையொன்று பற்றும் விதம்)

"ஒட்டுமில்லை, உறவுமில்லை" என்று மனம் நொந்து கூறுவது தமிழர் வழக்கு. ஒட்டு என்பது சேர்ந்திருத்தல். உறவு என்பது அச்சேர்க்கையால் விளையும் கடமை. மனிதர்க்கிடையே வழங்கும் இவ்விரு சொற்களும் மனித உடலின் உள்ளேயும் பொருந்தி நிற்கின்றன என்பதை உயிரியல் நமக்குக் காட்டுகிறது.

வளர்ந்த மனிதர் ஒருவரின் உடலில் ஏறத்தாழ 37 இலட்சம் கோடி உயிரணுக்கள் உள்ளன என்பது 2013ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு மதிப்பீடு. அவற்றுள் பெரும்பகுதி குருதியில் மிதப்பவை. எஞ்சியவை தோலாகவும் தசையாகவும் குடலாகவும் நரம்பாகவும் உருவெடுத்து நிற்கின்றன. இவை மணற்குவியல்போல் சரிந்து விழாமல் நிற்பது எவ்வாறு? எந்தப் பசை இவற்றை ஒட்டுகிறது? அப்பசை அற்றுப்போனால் நேர்வது யாது? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கடற்பஞ்சு காட்டிய உண்மை

1907ஆம் ஆண்டில் அமெரிக்க விலங்கியலறிஞர் எச்.வி. வில்சன் ஓர் எளிய சோதனையை வெளியிட்டார். உயிருள்ள கடற்பஞ்சு ஒன்றை மெல்லிய துணியில் வைத்துப் பிழிந்தார். கடற்பஞ்சு தனித்தனி உயிரணுக்களாகச் சிதறிக் கடல்நீர்க் கலத்தின் அடியில் படிந்தது. அத்துடன் அது மடிந்திருக்க வேண்டும். ஆனால் சிதறிய உயிரணுக்கள் மெல்ல ஊர்ந்தன, ஒன்றையொன்று சந்தித்தன, சிறு சிறு திரள்களாயின. சில நாள்களில் அத்திரள்கள் மீண்டும் கடற்பஞ்சாக உருக்கொண்டன.

1955இல் டவுன்ஸ், ஹோல்ட்ஃபிரெட்டர் என்னும் இருவர் நீர்நில வாழ்வனவற்றின் கருக்களைக் கொண்டு இதைவிட நுட்பமான சோதனையைச் செய்தனர். தோலாக வேண்டிய உயிரணுக்களையும் நரம்பாக வேண்டிய உயிரணுக்களையும் பிரித்தெடுத்து ஒன்றாகக் கலந்துவிட்டனர். கலந்தவை கலந்தபடி இருக்கவில்லை. தோலுக்குரியவை வெளிப்புறம் சென்று கூடின. நரம்புக்குரியவை உட்புறம் சென்று கூடின. ஆகவே, உயிரணுக்களின் ஒட்டு கண்டவற்றோடெல்லாம் ஒட்டும் பசையன்று. இனமறிந்து பற்றும் பற்று என்பது புலனாயிற்று.

கை கோக்கும் புரதங்கள்

இனமறியும் அப்பற்றுக்குக் காரணமான பொருளைத் தேடியவர்களுள் முதன்மையானவர் ஜப்பானிய அறிஞர் மசதோஷி தகெய்ச்சி. உயிரணுக்களைப் பிரித்தெடுக்க டிரிப்சின் என்னும் செரிமான நொதியைப் பயன்படுத்துவது ஆய்வகத்தார் வழக்கம். நீரில் கால்சியம் இருக்கும்போது டிரிப்சினுக்கு அழியாத ஒரு புரதம், கால்சியத்தை நீக்கியவுடன் அழிந்துவிடுவதையும், அதனோடு உயிரணுக்களின் ஒட்டும் ஆற்றலும் மறைவதையும் அவர் கண்டார். அவருடைய இவ்வாய்வு 1977இல் வெளியாயிற்று. பின்னர் 1980களில் அப்புரதத்துக்குக் 'கேடெரின்' என்னும் பெயர் வழங்கப்பட்டது. கால்சியம், ஒட்டுதல் என்னும் இரு பொருளையும் குறிக்குமாறு அமைந்த பெயர் அது.

கேடெரின் உயிரணுவின் உறையை ஊடுருவி நிற்கும் புரதம். அதன் ஒரு முனை வெளியே நீண்டு, அண்டை உயிரணுவின் கேடெரினைக் கைகோப்பதுபோல் பற்றுகிறது. மறுமுனை உள்ளே சென்று, உயிரணுவைத் தாங்கும் இழைகளோடு இணைகிறது. கால்சியம் இருந்தால் வெளிக்கை விறைத்து நிற்கும், இல்லையேல் துவண்டுவிடும். கேடெரினில் வகைகள் பல உண்டு. மேலுறைத் திசுவுக்கு ஒன்று, நரம்புக்கு ஒன்று என அவை வேறுபடும். பெரும்பாலும் ஒரு வகை தன் வகையையே பற்றும். டவுன்சும் ஹோல்ட்ஃபிரெட்டரும் கண்ட இனச்சேர்க்கையின் மறைபொருள் இதுவே எனலாம்.

தாயின் வயிற்றில் நாம் கருவாக இருந்த மூன்றாம், நான்காம் நாளிலேயே இப்பற்றுத் தொடங்கிவிடுகிறது. அதுவரை நெகிழ்ந்து கிடக்கும் உயிரணுக்கள் கேடெரினின் துணையால் ஒன்றோடொன்று நெருங்கி இறுகுகின்றன. பின்னர், ஏறத்தாழ ஒரு வாரத்தில், அக்கரு கருப்பைச் சுவரைப் பற்றிக்கொள்கிறது. 'அலக்' என்னும் அரபுச் சொல்லின் வேர்ப்பொருள் தொங்குதல், பற்றிக்கொள்ளுதல் என்பதை நம் மாணவர் அறிவர். சொல்லாய்வை விரிக்க ஈண்டு இடமில்லை. மனித வாழ்வின் முதற்செயலே பற்றுதல்தான் என்பதை மட்டும் நினைவிற் கொள்வோம்.

நிலத்தைப் பற்றும் வேர்கள்

வீடுகள் தம்முள் சுவர் பகிர்ந்து நின்றாலும் ஒவ்வொன்றுக்கும் கடைக்கால் வேண்டும் அன்றோ? அதுபோல் உயிரணுக்களைச் சுற்றிலும் கீழேயும் நார்ப்பொருள்களால் ஆன ஒரு தளம் உண்டு. கொலாஜன் என்னும் உறுதியான நார்ப்புரதம் அத்தளத்தின் முதன்மைப் பொருள். அத்தளத்தை உயிரணுக்கள் பற்றுவதற்கு உதவுவது 'இன்டெக்ரின்' என்னும் புரதக் குடும்பம். இப்பெயர் 1986இல் ரிச்சர்டு ஹைன்ஸ் குழுவினரால் வழங்கப்பட்டது. மனித உடலில் இவ்வகைப் புரதங்கள் 24 உள்ளன. இவை நங்கூரமாக நிற்பதோடு அமைவதில்லை. 'நீ உனக்குரிய இடத்தில்தான் இருக்கிறாய்' என்னும் செய்தியையும் உள்ளே அனுப்புகின்றன.

அச்செய்தி நின்றுபோனால்? தளத்தைவிட்டுப் பெயர்ந்த மேலுறை உயிரணு தன்னைத் தானே மாய்த்துக்கொள்கிறது. 1994இல் இந்நிகழ்வை விளக்கிய அறிஞர்கள், வீடின்மை என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லால் இதற்கு 'அனாய்க்கிஸ்' எனப் பெயரிட்டனர். வேரற்ற உயிரணு கண்ட இடத்தில் குடியேறிப் பெருகாதிருக்க உடல் வகுத்த காவல் இது. புற்றுநோய் உயிரணுவோ இக்காவலை மீறுகிறது. பிடியை விட்டும் சாகாமல் பிற உறுப்புகளுக்குப் பரவுகிறது. நியூசிலாந்தின் மாவோரிக் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வந்த ஒரு வகை இரைப்பைப் புற்றுக்கு, மேலுறைக் கேடெரினை உருவாக்கும் மரபணுவில் உள்ள பழுதே காரணம் என 1998இல் கண்டறியப்பட்டது.

பற்றும் வேண்டும், விடவும் வேண்டும்

இதனால் ஒட்டு எப்போதும் இறுகியே இருத்தல் நன்று எனக் கருதலாகாது. கருவில் நரம்புக் குழாய் உருவாகும்போது, அதற்குரிய உயிரணுக்கள் மேலுறைக் கேடெரினைக் கைவிட்டு நரம்புக் கேடெரினை ஏற்கின்றன. அதனால் அவை பழைய கூட்டத்தினின்று பிரிந்து புதிய கூட்டமாகின்றன. குருதியில் ஓடும் வெள்ளணுக்கள் இயல்பாக எதனையும் பற்றுவதில்லை. நோய்க்கிருமி புகுந்த இடத்தருகே வந்ததும் குருதிக்குழாயின் சுவரில் உருண்டு, பின் இன்டெக்ரினால் இறுகப் பற்றி, சுவரை ஊடுருவிச் சென்று போரிடுகின்றன. பிறவியிலேயே இவ்வின்டெக்ரின் குறைபட்ட குழந்தைகள் உளர். அவர்தம் குருதியில் வெள்ளணுக்கள் மிகுந்திருந்தும், வேண்டிய இடத்தில் இறங்க அவற்றால் இயலாது. அக்குழந்தைகளின் தொப்புள்கொடியும் காலந்தாழ்ந்தே விழும். தொற்று அடுத்தடுத்து வரும்.

பிடி தளர்ந்த தோல்

நம் தோல் நாள்தோறும் தேய்க்கப்படுகிறது, இழுக்கப்படுகிறது, அழுத்தப்படுகிறது. அதனைத் தாங்குவதற்காகத் தோலின் உயிரணுக்களுக்கிடையே 'டெஸ்மோசோம்' என்னும் பொத்தான் போன்ற இணைப்புகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. அவற்றில் கைகோத்து நிற்பன 'டெஸ்மோகிளீன்' முதலிய கேடெரின் இனப் புரதங்களே.

'பெம்ஃபிகஸ்' என்னும் நோயில் இப்பொத்தான்கள் கழன்றுவிடுகின்றன. கிருமிகளை அழிக்க வேண்டிய எதிர்ப்பொருள்கள் தம் உடலின் டெஸ்மோகிளீனையே பகையெனக் கருதித் தாக்குகின்றன. நோயாளரின் குருதியில் இவ்வெதிர்ப்பொருள் இருப்பதை 1964இல் பியூட்னரும் ஜோர்டனும் காட்டினர். தாக்கப்படும் பொருள் கேடெரின் இனத்தது என்பது 1991இல் அமகாய், ஸ்டான்லி முதலியோரால் தெளிவாயிற்று. உயிரணுக்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலக, இடையில் நீர் கோக்க, மெல்லிய கொப்புளங்கள் எழுந்து எளிதில் உடைகின்றன. நுண்ணோக்கியில் காணும்போது, அடிவரிசை உயிரணுக்கள் மட்டும் தளத்தை விடாமல், அண்டையாரை இழந்து தனித்தனியே நிமிர்ந்து நிற்கும். கல்லறைக் கற்களின் வரிசை என அக்காட்சியை மருத்துவர் குறிப்பர். நிலத்தைப் பற்றும் பிடி வேறு, அண்டையைப் பற்றும் பிடி வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

எம் குடும்பத்துப் பெரியம்மா ஒருவரை இந்நோய் பற்றியது. முதலில் வாயில் புண். உடற்சூடு என்று கருதி மணத்தக்காளிக் கீரை சமைத்துக் கொடுத்தோம். பல வாரங்கள் கழிந்தும் ஆறவில்லை. பின்னர் மார்பிலும் முதுகிலும் கொப்புளங்கள் தோன்றின. அம்மை என்றனர் சிலர். அதனினும் கொடியது என்றனர் சிலர். 'ஒட்டுவாரொட்டி' என்று ஒருவர் சொன்ன சொல் தெரு முழுதும் பரவியது. நலம் கேட்க வந்தோர் வாசற்படியிலேயே நின்று கேட்டுத் திரும்பினர். வீட்டிலும் அவருக்கெனத் தனிக் குவளையும் தனித் தட்டும் ஒதுக்கினோம். அவ்வாண்டு உறவினர் இல்லத் திருமணத்தில், நால்வர் கூடி அமர்ந்து ஒரே சஹனில் உண்ணும் பந்தியில், அவருடன் அமர எவரும் முன்வரவில்லை. யாமும் முன்வரவில்லை. "புண்ணைப் பொறுத்துக்கொள்ளலாம் வாப்பா, இந்தத் தட்டைத்தான் பொறுக்க முடியவில்லை" என்று அவர் எம்மிடம் கூறியது இன்றும் செவியில் ஒலிக்கிறது.

தோல்நோய் மருத்துவர் ஒருவர் திசுவை ஆய்ந்து நோயின் பெயரைக் கூறியபோது, முதலில் சொன்னது, "இது யாருக்கும் தொற்றாது" என்பதே. அன்றுதான் எம் அறியாமை எமக்கு உறைத்தது. உயிரணுக்கள் ஒட்டாமையால் வந்த நோயை, ஒட்டும் நோயென அஞ்சினோம். உடலுக்குள் அறுந்த உறவை உடலுக்கு வெளியேயும் அறுத்தோம்.

ஸ்டீராய்டு மருந்துகள் வருவதற்கு முன்னர் இந்நோயுற்றோருள் பெரும்பாலோர் சில ஆண்டுகளில் இறந்தனர். 1950களுக்குப் பின் நிலைமை மாறியது. நம் நாட்டில், தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் டாக்டர் ஜே.எஸ். பஸ்ரிச்சா 1980களில் வகுத்த, இடைவெளி விட்டு மிகுந்த அளவில் மருந்து செலுத்தும் முறை பலருக்கு வாழ்வளித்தது. எதிர்ப்பொருளை உண்டாக்கும் வெள்ளணு வகையைக் குறைக்கும் ரிட்டுக்சிமாப் என்னும் மருந்து இந்நோய்க்கென அமெரிக்காவில் 2018இல் ஒப்புதல் பெற்றது. எம் பெரியம்மாவும் மருத்துவர் சொற்படி மாத்திரைகளைச் சிறிது சிறிதாகக் குறைத்து நலம் பெற்றார். பல வாரம் ஆறாத வாய்ப்புண்ணும் காரணமின்றி எழும் கொப்புளமும் உடையோர் காலந்தாழ்த்தாது மருத்துவரை நாடுதல் வேண்டும். தொடங்கிய மருந்தைத் தாமாக நிறுத்துதல் கூடாது. இவ்விரண்டையும் மாணவர் தம் இல்லத்துப் பெரியோர்க்கு எடுத்துரைத்தல் நலம்.

நிறைவாக

தொற்றுநோய்க்கு உரிய விலக்கம் வேறு, அதனை மறுப்பதற்கில்லை. எது தொற்றும், எது தொற்றாது என்று அறியாமல் விலக்குவதே கொடுமை. நோயுற்றோரை நலம் விசாரித்தல் ஒரு முஸ்லிம் தன் சகோதரருக்குச் செய்யவேண்டிய கடமைகளுள் ஒன்று என நாம் சிறுவயதிலிருந்தே கற்கிறோம். அக்கடமையை வாசற்படியில் நிறுத்துவது பல நேரங்களில் கல்நெஞ்சம் அன்று, அறிவுக்குறையே. அதனை நீக்கும் பொறுப்புக் கல்லூரிக்கு உண்டு. இத்தகைய செய்திகளை மக்கள் மொழியில் சொல்லும் பொறுப்புத் தமிழ்த்துறைக்கும் உண்டு. அவ்வெண்ணமே தமிழ் கற்பிக்கும் எம்மை உயிரியலின் வாயிலில் கொண்டுவந்து நிறுத்தியது.

நலமுற்ற பின்னர் வந்த முதல் திருமணப் பந்தியில், பெரியம்மாவை நடுவில் அமர்த்தி எம் வீட்டுப் பெண்கள் மூவர் ஒரே சஹனில் உண்டனர். அவர் நோயுற்றிருந்த நாளிலேயே அவ்வாறு அமர்ந்திருக்கலாம், அமர்ந்திருக்க வேண்டும்.