200 துண்டாகப் போகும் சான்றிதழ்!

ஜவ்வாது மலையின் மேலே இருக்கிறது புதூர்நாடு. திருப்பத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. மலையாளிப் பழங்குடி மக்கள் வாழும் பகுதி.

அங்கே ஒரு வீட்டுப் பெண், பிளஸ் 2 தேறிவிட்டாள் என்று வைத்துக்கொள்வோம். கல்லூரியில் சேர மனுப் போட வேண்டும். இன்றுதான் கடைசி நாள். ஜாதிச் சான்றிதழைச் செல்போனில் படம் பிடித்தாயிற்று. அதைச் சென்னைக்கு அனுப்ப வேண்டும். சிக்னலோ வருவதும் போவதுமாக இருக்கிறது.

"ஏம்மா, பாதி வழியிலே நின்னுட்டா? முத்திரை இல்லாம பாதிப் படம் மட்டும் போனா என்ன பண்றது?" என்று தாய் கேட்கிறாள்.

நியாயமான கேள்வி!

துண்டு துண்டாக...

படம் ஒரே மூட்டையாகப் போவதில்லை. செல்போனும் ஒரு கம்ப்யூட்டர்தான். அது படத்தைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரிக்கிறது.

நெல்லை மரக்காலால் அளப்பது போல, கம்ப்யூட்டர் செய்தியைப் 'பைட்' கணக்கில் அளக்கும். படம் 3 லட்சம் பைட் என்றால், சுமார் 200 துண்டுகள் ஆகும். ஒவ்வொரு துண்டின் தலையிலும் போகிற இடத்தின் விலாசம், புறப்பட்ட இடத்தின் விலாசம், வரிசை எண் ஆகியவை இருக்கும். விலாசம் என்றால் ஊர், தெரு அல்ல, அதுவும் எண்தான்.

வழியில் யார்?

துண்டு முதலில் ரேடியோ அலையாகச் செல்போன் கோபுரத்துக்குத் தாவுகிறது. பிறகு மலையை விட்டு இறங்கி, தலைமுடி போன்ற கண்ணாடி இழையில் வெளிச்சமாக ஓடுகிறது. வேகம், வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோ மீட்டர்!

வழிநெடுக 'ரூட்டர்' என்ற யந்திரங்கள் உண்டு. தபால் பிரிக்கும் ஆபீஸ் போன்றவை அவை. விலாசத்தைப் பார்த்து, துண்டை அடுத்த இடத்துக்குத் தள்ளிவிடும். ஒரு வழி அடைபட்டால் வேறு வழியில் அனுப்பும்.

ஆனால், "கட்டாயம் கொண்டு சேர்ப்பேன்" என்று எந்த ரூட்டரும் வாக்குக் கொடுப்பதில்லை. நெரிசல் அதிகமானால் துண்டைக் கைவிட்டுவிடும்!

அப்படியானால் பொறுப்பு யாருக்கு?

அனுப்பும் செல்போனுக்கும், வாங்கும் கம்ப்யூட்டருக்கும்தான். சென்னைக் கம்ப்யூட்டர் துண்டுகளை எண்ணி வாங்குகிறது. 46 வந்தது, 48 வந்தது, 47 வரவில்லை என்றால், "47 எங்கே?" என்று கேட்கிறது. செல்போன் அதை மறுபடி அனுப்புகிறது. எல்லாம் சேர்ந்த பிறகே வரிசைப்படி ஒட்டிப் படமாக்குகிறார்கள். முத்திரை தொலையாது!

யார் கண்ட வழி?

விண்டன் செர்ப், ராபர்ட் கான் என்ற இரு அமெரிக்கர்கள் 1974-ல் இந்த முறையை எழுதி வெளியிட்டார்கள். 1977 நவம்பரில் கலிபோர்னியாவில், ஓடும் வண்டியிலிருந்து ரேடியோ, செயற்கைக்கோள், கம்பி மூன்றையும் இணைத்துச் சோதனை நடந்தது. சிக்னல் அறுந்து அறுந்து வரும் என்பதை அறிந்தே வகுத்த வழி இது. இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் கிடைத்தது 1995 ஆகஸ்டு 15-ந் தேதி.

கவனம் தேவை!

இதற்கும் ஓர் எல்லை உண்டு. சிக்னல் அடியோடு போய்விட்டால், செல்போன் சிறிது நேரம் திரும்பத் திரும்ப முயலும். பிறகு கைவிட்டுவிடும். மனு சேராது.

ஆகவே பொத்தானை அழுத்தியதும் செல்போனை மூடிவிடக் கூடாது. "பெற்றுக்கொண்டோம்" என்ற பதிலும் மனு எண்ணும் வரும் வரை காத்திருக்க வேண்டும். எண்ணை நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். வராவிட்டால், சிக்னல் கிடைக்கும் இடத்துக்குப் போய் மறுபடி அனுப்ப வேண்டும்.

கடைசி நாள் வரை காத்திராமல் நாலு நாள் முன்னதாகவே அனுப்பினால், மலையில் சிக்னல் ஒரு நாள் ஏமாற்றினாலும் பெண்ணின் படிப்பு ஏமாறாது!