பழைய காரை யார் திருடப் போகிறார்கள்?

மல்லேஸ்வரம், பசவனகுடி, ஜெயநகர் போன்ற பெங்களூரின் பழைய பேட்டைகளில் பல வீடுகளுக்குக் கார் நிறுத்த இடம் கிடையாது. மாருதி 800, ஆம்னி, ஜென், பழைய சான்ட்ரோ எல்லாம் இரவு முழுக்கத் தெருவோரத்தில்தான் கிடக்கும். டெல்லியில் 15 வயதைத் தாண்டிய பெட்ரோல் காருக்குத் தடைத் தொல்லை உண்டு. கர்நாடகத்தில் தகுதிச் சான்று பெற்று 5 ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்தால் போதும், ஓட்டலாம். அதனால்தான் இவை இன்னும் சாலையில் இருக்கின்றன. “இந்த டப்பாவை எவன் தூக்கிட்டுப் போவான்?” என்று சொந்தக்காரர்கள் அலட்சியமாக இருப்பதும் உண்டு.

திருடன் போடும் கணக்கு வேறு. 1960-களின் தொடக்கத்தில் மேற்கு ஜெர்மனி, புதியது பழையது என்று பாராமல் எல்லாக் கார்களுக்கும் ஸ்டீயரிங் பூட்டைக் கட்டாயமாக்கியது. கார் திருட்டு வெகுவாகக் குறைந்தது. பிரிட்டன் 1971-இல் புதிய கார்களுக்கு மட்டும் அதைக் கட்டாயமாக்கியது. புதிய கார்கள் தப்பின. திருடர்கள் பூட்டில்லாத பழைய கார்களின் பக்கம் திரும்பினார்கள்.

இன்று அந்த ஸ்டீயரிங் பூட்டின் இடத்தில் இம்மொபிலைசர் இருக்கிறது. சாவிக்குள் ஒரு சின்னச் சிப். அதன் குறியீட்டை இன்ஜின் கணினி அடையாளம் கண்டால்தான் வண்டி உயிர் பெறும். 1983-இல் வந்த மாருதி 800-இன் தொடக்க காலக் கார்களில் கணினியும் இல்லை, சிப்பும் இல்லை. இருபது வருடம் திருகிய பூட்டு தேய்ந்துபோய், வேறொரு வண்டியின் சாவிக்கே திரும்பிவிடுவதும் உண்டு.

திருடிய பழைய காரை அப்படியே விற்க வேண்டும் என்பதில்லை. மாருதி 800 உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றது. உதிரிபாகத் தேவை நிற்கவில்லை. சிவாஜிநகர் குஜரி என்ற பழைய சாமான் சந்தையிலும், உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜே.சி. ரோட்டிலும் நேர்மையான வியாபாரிகள் நிறையப் பேர். ஆனால் கழற்றிப்போட்ட கதவுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஆர்.சி. புத்தகம் கிடையாதே!

தடுக்க என்ன செய்யலாம்? என் கணிப்பில், செலவுக்கு மேல் பலன் தருவது மறைத்து வைக்கும் கட்-ஆஃப் சுவிட்ச்தான். கார்புரேட்டர் வண்டி என்றால் இக்னிஷன் காயிலுக்குப் போகும் மின்சாரத்தையும், எம்.பி.எஃப்.ஐ. (ஃப்யூயல் இன்ஜெக்ஷன்) வண்டி என்றால் பெட்ரோல் பம்ப் ரிலேயையும் அது துண்டிக்கும். பம்ப் நின்றால் வண்டி சில நொடி ஓடி நடுத்தெருவில் அணையும். ரிப்பேர் வண்டி என்று நினைத்துத் திருடன் விட்டுவிட்டுப் போக வாய்ப்புண்டு. நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் ரிலே, ஃப்யூஸுடன் போடச் சொல்லுங்கள். மெல்லிய ஒயரை இழுத்து ஒட்டுப்போட்டால் திருட்டுக்குப் பதில் தீ வரும். டேஷ்போர்டுக்கு அடியில் கை பட்டதும் சிக்கும் இடம் வேண்டாம்.

அடுத்தது கியர் லாக். அறுக்க நேரம் பிடிக்கும், சத்தமும் வரும். தெருவில் நிற்கும் வண்டிக்கு அந்தச் சத்தம்தான் காவல். ஜி.பி.எஸ். கருவியில் தனி பேக்-அப் பேட்டரியும் இருக்கட்டும், ஏனென்றால் திருடன் முதலில் கழற்றக்கூடியது கார் பேட்டரியைத்தான். வாரம் ஒருமுறை மட்டும் எடுக்கும் வண்டியில் அந்தக் கருவியே கார் பேட்டரியை இறக்கிவிடும் என்பதையும் கவனத்தில் வையுங்கள். எல்லாக் கண்ணாடியிலும் சேசிஸ் எண்ணைப் பொறித்துவிட்டால், அத்தனையையும் மாற்றாமல் வண்டியை முழுசாக விற்பது கடினம்.

2019 ஏப்ரல் 1-க்கு முன் பதிவான வண்டிகளும் உயர்பாதுகாப்பு நம்பர் பிளேட்டுக்கு மாற வேண்டும் என்று கர்நாடகம் 2023-இல் உத்தரவிட்டது. கெடு பலமுறை நீண்டது வேறு கதை. லேசர் எண்ணும், ஒருமுறை பூட்டினால் உடைக்காமல் கழற்ற முடியாத பூட்டும் கொண்ட அந்த பிளேட் திருட்டைத் தடுக்காது. திருடிய வண்டிக்கு வேறு எண் மாட்டுவதைத்தான் கடினமாக்கும்.

இன்ஷூரன்ஸில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பழைய வண்டி என்று மூன்றாம் நபர் பாலிசி மட்டும் எடுத்தால் திருட்டுக்குக் காசு வராது. 5 வயதைத் தாண்டிய காரின் மதிப்பைக் கம்பெனியும் நீங்களும் பேசித்தான் முடிவு செய்கிறீர்கள். தயங்காமல் பேரம் பேசுங்கள். இழப்பீடு கேட்கும்போது இரண்டு சாவிகளையும் கேட்பார்கள். ஒன்று தொலைந்திருந்தால் தொலைந்த அன்றே புகார் எழுதி வைப்பது நல்லது. செகண்ட் ஹாண்டில் வாங்கியவர்கள் 14 நாளுக்குள் பாலிசியைத் தங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். தமிழ்நாட்டு நம்பரோடு, பழைய சொந்தக்காரர் பெயரிலேயே ஓடும் கார்கள் இந்த ஊரில் எத்தனையோ!

போய்விட்டது என்று தெரிந்த நிமிடமே 112-ஐ அழைத்து எஃப்.ஐ.ஆர். போடுங்கள். போலீஸில் உடனே சொல்லியிருந்தால், கம்பெனிக்குத் தெரிவிக்கத் தாமதமானது என்பதை மட்டும் காரணம் காட்டி இழப்பீட்டை மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில் தீர்ப்பளித்தது. ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கும் எழுதிக் கொடுங்கள். ஃபாஸ்டேக்கை மட்டும் அவசரப்பட்டு முடக்க வேண்டாம். அத்திப்பள்ளியிலோ நெலமங்கலாவிலோ சுங்கம் கழிந்தால், வண்டி ஓசூர் பக்கம் போகிறதா துமகூரு பக்கம் போகிறதா என்று உங்கள் கைபேசிக்குக் குறுஞ்செய்தி சொல்லிவிடும். அதை அப்படியே போலீஸிடம் காட்டலாம், டேக்கில் பதிந்திருப்பது உங்கள் எண்ணாக இருந்தால்.