ஒரு சோடி இலையில் 1 கோடியே 90 லட்சம்

மாத்தளைக்கு ரயில் வந்தது 1880இல். அதே ஆண்டில்தான், கோப்பி ஏன் சாகிறது என்று கண்டுபிடிக்க மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளரை இங்கிலாந்திலிருந்து வரவழைத்தார்கள்.

வார்ட் தந்த கணக்கு இது. இலையின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் தூளாக ஒட்டியிருக்கும் ஒரு பொட்டில், குறைத்து மதித்தாலும் 150,000 வித்திகள். ஒரு சோடி இலையில் எண்ணிய பொட்டுகள் 127. பெருக்கினால் 1 கோடியே 90 லட்சம். காற்றில் பறக்கும் அந்தத் தூளில் ஒரு வித்தி ஈர இலையில் விழுந்தால் போதும், முளைத்து உள்ளே புகுந்துவிடும். புகுந்த பிறகு எந்த மருந்தும் அதை எட்டவில்லை. மலைக்கு மலை இடைவெளியின்றிக் கோப்பி. நடுவில் காற்றை மறிக்க ஒரு காட்டுத் துண்டுகூட இல்லை.

இந்த இலைத்துரு நோய் இலங்கையில் முதலில் பதிவானது 1869இல். அப்போது ஏக்கருக்கு நாலரை அந்தர் கோப்பி கிடைத்தது. பத்தே ஆண்டில் அது இரண்டு அந்தர் அளவுக்கு விழுந்தது. 200 ஏக்கர் தோட்டம் ஒன்றை வைத்துப் பாருங்கள்: 900 அந்தர் வரவேண்டிய இடத்தில் 400. அந்தருக்கு 112 இறாத்தல் என்றால், ஆண்டுக்கு 56,000 இறாத்தல் நட்டம். விலை ஏறியிருந்ததால் நட்டம் கண்ணில் படவில்லை. நோய் பரவப் பரவப் புதுக்காடு வெட்டி நட்டார்கள்; 1878 வாக்கில் கோப்பி நிலம் 275,000 ஏக்கரை எட்டியது. பூஞ்சைக்கு அவ்வளவும் தீனி.

1870இல் ஏற்றுமதி ஏறத்தாழ 10 லட்சம் அந்தர். 1889இல் ஒரு லட்சத்துக்கும் கீழே. இடையில் 1884 மே மாதம் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி கதவை மூடியது. மன்னாரில் இறங்கி, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தே வந்த எங்கள் முன்னோருக்குக் கூலி பாக்கி நின்றது. அந்தத் தொகையை எந்த ஏட்டிலும் யாரும் கூட்டி எழுதவில்லை. எனக்கு இந்தக் கணக்கில் மிகப் பெரிய தொகை அதுதான்.

இன்னொரு ஏட்டையும் பக்கத்தில் வைக்கவேண்டும். 1876இல் ஹென்றி விக்கம் அமேசானிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோன இறப்பர் விதைகள் சுமார் 70,000. நூற்றுக்கு நாலுகூட முளைக்கவில்லை. முளைத்தவற்றை இரண்டு மாதம் கண்ணாடிக் கூடத்தில் வளர்த்து, ஆகஸ்ட் மாதம் 38 கண்ணாடிப் பெட்டிகளில் 1,919 கன்றுகளை இலங்கைக்கு அனுப்பினார்கள். அமேசான் இலையோ மண்ணோ வரவில்லை. தென்னமெரிக்க இலைக்கருகல் நோயும் வரவில்லை. இன்றுவரை ஆசியாவில் அது கால்வைக்கவில்லை. நோயைத் தடுக்கவேண்டும் என்று நினைத்து யாரும் செய்ததல்ல. ஆனாலும் அந்த இரண்டு மாதத்துக்கு என்ன விலை? பிரேசிலிலேயே இறப்பர் நட்ட ஃபோர்ட் நிறுவனம் இதே நோயால் அடிபட்டு, 1945இல் 2 கோடி டொலருக்கு மேல் நட்டத்தோடு வெளியேறியது. மாத்தளையில் இன்று பால் வெட்டும் ஒவ்வொரு மரமும் அந்த விலையைச் சொல்லும்.

இப்படிப்பட்ட நோயை எல்லையில் தடுக்கும் சட்டம் பிறகுதான் வந்தது: 1924இல் தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம், அதன் இடத்தில் 1999இன் 35ஆம் இலக்கச் சட்டம். இடையே 1956இல் ஆசிய பசிபிக் நாடுகள் செய்த உடன்படிக்கையில் இறப்பரின் இலைக்கருகலுக்கென்றே தனிப் பிற்சேர்க்கை இருந்தது. சரக்கு வரும் மரப்பெட்டிக்கும் விதி உண்டு: பலகையின் நடுப்பகுதிவரை 56 பாகை செல்சியஸ் சூடு, 30 நிமிடம்.

கோப்பித் துரு அத்திலாந்திக்கைத் தாண்டிப் பிரேசிலில் தென்பட்டது 1970இல், இங்கே பதிவாகி 101 ஆண்டு கழித்து. மாத்தளையில் இப்போது மிளகு, கொக்கோ, சாதிக்காய், கராம்பு, வனிலா எல்லாம் ஒரே தோட்டத்தில் நெருங்கி நிற்கின்றன. வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வரும்போது ஒரு மிளகுக்கொடித் துண்டைத் துணிக்குள் சுற்றிக் கொண்டுவர ஆசை வரும். அதற்கு முன்கூட்டியே இறக்குமதி அனுமதி எடுக்கவேண்டும். அனுப்பும் நாட்டின் தாவரச் சுகாதாரச் சான்றிதழும் வேண்டும். வேரில் மண் இருக்கக்கூடாது. கட்டுநாயக்கவில் இறங்கியதும் அதிகாரியிடம் அதை எடுத்துக் காட்டவேண்டும். தனியே வைத்துப் பார்க்கவேண்டும் என்று அவர் சொன்னால், கொடுத்துவிட்டு வாருங்கள். கியூவில் இறப்பர் கன்றுகள் காத்திருந்ததும் இரண்டு மாதம்.